மேட்டில் முதல் இடம்

இருபத்தாறு வருஷம் பினாங்கு ரோடுகளில் பஸ் ஓட்டிய முனுசாமிக்கு, ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பஸ் போனதும் லோரோங் மங்கீஸை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். முப்பத்தொரு வீடுகள் உள்ள சந்து அது. குப்பையை எந்த நாளில் வெளியே வைப்பது, யார் வீட்டு நாயை எங்கே கட்டுவது, கோயில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு வாயை மூடுவது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். ஜனங்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் கேட்டுக்கொள்வார்கள். ஊருக்காக ஒருத்தர் அலைந்து திரிந்தால் மற்றவர்கள் வீட்டில் காலை நீட்டி உட்காரலாம் அல்லவா?

சந்து ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பின்னால், மலைச் சரிவுக்கும் ஓடைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடக்கிறது. வீடுகள் இருக்கும் அடிப்பகுதி பள்ளம். அங்கிருந்து ரோடு மெல்ல ஏறி, மெயின் ரோட்டில் போய் முட்டுகிற தலைப்பகுதி மேடு. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் அந்த ஒரே வாய்தான். பினாங்குத் தீவில் இருக்கிறோம் என்பது பேச்சுக்குத்தான். அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் கண்ணில் படாது.

2017 நவம்பர் வெள்ளத்தில் ஓடைத் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியது. ஊரே அவரவர் காரைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்த அந்த விடியற்காலையில்தான், முனுசாமியின் மனைவி தனலெட்சுமிக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணியது. மேஜைமேல் அவளை உட்கார வைத்து, இடுப்புத் தண்ணீரில் நின்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் முனுசாமி. கார் போர்ச்சில் ஸ்டியரிங் வரை முங்கிக் கிடந்தது. படகு வந்தபோது மணி ஒன்பது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே அங்கிள்" என்றார். தனலெட்சுமியின் இடது கை அன்றைக்குச் செயலிழந்து போனதுதான், திரும்ப வரவில்லை. இடது காலும் தளர்ந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை எட்டு வருஷமாக முனுசாமி யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மேட்டுச் சட்டம். மழை வலுத்தால் முனுசாமி விசில் ஊதுவார். டிரைவர் ஆவதற்கு முன்னால் கண்டக்டராக இருந்த காலத்து விசில் அது. சத்தம் கேட்டதும் அத்தனை வீட்டுக் கார்களும் மேட்டுக்கு ஏற வேண்டும். ரோட்டின் இரண்டு ஓரத்திலும் தாரின்மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை அவரே எண் எழுதியிருந்தார். கார் மூஞ்சி மெயின் ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும், சாவி சொந்தக்காரர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு கார் போக வழி. வெள்ளம் வந்தாலும் ஆளைத் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் ஏற்றினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். வாயை ஒட்டிய முதல் இடம் அவருடைய மைவி காருக்கு. அதில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. எட்டு வருஷத்தில் ஒரு கார்கூட முங்கவில்லை. பக்கத்துத் தாமான் குடியிருப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மனுஷருக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

போன நவம்பர் கடைசி வாரம், புதன்கிழமை, கைப்பேசிகளில் எச்சரிக்கை வந்தது. மலாக்கா நீரிணையில் புயல் உருவாகியிருக்கிறதாம். வியாழக்கிழமை பலத்த காற்று, விடாத மழை.

"புயலாவது ஒன்னாவது! நடுவுல சுமத்ரா மதிலு மாதிரி நிக்குது லா" என்றார் முனுசாமி. "நமக்கு வர்றது தண்ணிதான். தண்ணிய எப்படிச் சமாளிக்கணும்னு நமக்குத் தெரியாதா?"

மூலைவீட்டில் வாடகைக்கு இருந்த காமினி இதை ஒப்புக்கொள்ளவில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் விபத்துத் தடுப்புப் பிரிவில் வேலை பார்க்கிற பெண். முப்பது வயசு. எதையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"அங்கிள், இந்தத் தடவ கீழ இருந்து வராது. மேல இருந்துதான் வரும். அந்த அங்சானா மரத்தப் பாருங்க. சரிவுல பாதி வேரு வெளிய கெடக்குது. காத்தடிச்சா நேரா மேட்டுலதான் விழும். எல்லாக் காடியும் அங்கதான நிக்கும்?"

"அது நான் பொறக்குறதுக்கு முன்னாடி இருந்து நிக்குற மரம்மா."

"அதனாலதான் சொல்றேன் அங்கிள். வயசாயிருச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மரத்துக்கா முனுசாமிக்கா என்று யாரோ கேட்டார்கள். முனுசாமிக்குச் சுருக்கென்றது. காமினி தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு போய், சந்துக்கு வெளியே பசார் வண்டி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, குடையோடு நடந்து திரும்பி வந்தாள். அவளுடைய பதினெட்டாம் எண் காலியாகக் கிடக்கப் போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் முனுசாமிக்குப் பல்லில் நார் சிக்கியது போல் இருந்தது.

மதியம் ஒன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. முனுசாமி விசில் ஊதினார். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடேறின. சிலது முன்னே போய்ப் பின்னே வந்து எண்ணில் பொருந்திக்கொண்டிருந்தது, சிலது நடுவழியில் குறுக்கே நின்றது. அந்த நேரம் பார்த்து நாகூர் மீரானின் வேன் ஹார்ன் அடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றது.

மீரானுக்குப் பசாரில் நாசி கண்டார் சோற்றுக்கடை. ஆள் இரட்டை நாடி. பக்கத்து இருக்கையில் அவர் மனைவி சபூரா, மடியில் ஒரு பையும் போர்வையுமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்ட பெண். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். ஒரு நாள் தவறினால் உடம்பில் தண்ணீர் தேங்கி மூச்சு முட்டும். முந்தின நாள் இயந்திரம் பாதியிலேயே நின்றுவிட்டதால் காலில் ஏற்கனவே வீக்கம். இது சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அண்ணே, நாளைக்குக் காத்து அடிக்குமாம். இன்னிக்கே வந்துருங்க, ரெண்டு மணிக்குப் படுக்கை போட்டு வைக்கிறோம்னு சென்டர்ல இருந்து போன் பண்ணிட்டாங்க. கொஞ்சம் வழி விடச் சொல்லுங்கண்ணே" என்றார் மீரான்.

முனுசாமி வரிசையைப் பார்த்தார். எல்லாக் காரும் நின்று முடியும்வரை காத்திருந்தால் இரண்டு மணி தாண்டிவிடும். இப்போதே வழி விட வேண்டுமானால் நாலு கார் பின்னால் இறங்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஆனால் அதற்குள் மழை வலுக்கும், கீழே காத்திருப்பவர்கள் கத்துவார்கள், வரிசை குலையும். அதோடு காமினி குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கே ஓட வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் இந்தக் கடைசிக் காரணம்தான் அவரைப் பிடித்து நிறுத்தியது.

"மீரான், பதறாத. வழக்கமா வியாழக்கெழம காலைலதான போவீங்க? காலைல ஏழு மணிக்கு நானே முன்னாடி நின்னு அனுப்பி வைக்கிறேன். மேட்டுல காடி இருக்கறப்ப என்ன பயம்? உன் வேன ஏழாம் நம்பர்ல விடு."

மீரான் மனைவியைப் பார்த்தார். சபூரா, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். காமினி மட்டும் விடவில்லை.

"அங்கிள், பத்து நிமிஷம்தானே? நான் வேணும்னா நின்னு ஒவ்வொரு காடியா எறக்கறேன்."

"இங்க யாரு பொறுப்பு? நீயா நானா?" என்று எரிந்து விழுந்தார் முனுசாமி. மீரான் வேனை ஏழாம் எண்ணில் கொண்டுபோய் விட்டார்.

அன்று மாலை முழுக்க மழை. ஓடை நிரம்பியது, ஆனால் கரை தாண்டவில்லை. தன் கணக்கு தப்பவில்லை என்ற திருப்தியில் முனுசாமி இரண்டு முறை தேநீர் கேட்டார். "ஏங்க, சபூராவ அனுப்பியிருக்கலாம்ல?" என்று தனலெட்சுமி ஒரு முறை கேட்டாள். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடையைப் பார்க்கப் போனார்.

வியாழன் விடிந்தபோது காற்று மலையிலிருந்து இறங்கி வந்தது. முனுசாமி அந்த மாதிரிக் காற்றைத் தன் அறுபத்தைந்து வயசில் கேட்டதில்லை. தகரக் கூரைகள் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தன. கோயில் முகப்பில் கட்டியிருந்த போன வருஷத் திருவிழா பேனர் அறுந்து வந்து அவர் வீட்டு வேலியில் சுற்றிக்கொண்டது. ஆறே முக்காலுக்கு, மேட்டுப் பக்கம், லாரி கவிழ்ந்தது போல ஒரு சத்தம். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

அங்சானா மரம் வேரோடும் ஒரு வீட்டளவு மண்ணோடும் சரிந்து, சந்தின் வாயில் குறுக்கே படுத்திருந்தது. அடிமரத்தின் ஒரு பக்கத்தை அவருடைய மைவியின் கூரை தாங்கிக்கொண்டிருந்தது, மறு பக்கத்தை எதிரே இரண்டாம் எண்ணில் நின்ற பிக்கப். நடுவழியைக் கிளைகளும் இலைகளும் சுவர் எழுப்பியது போல் அடைத்திருந்தன. ஒரு பக்கம் மண் வழிந்துகொண்டிருக்கும் சரிவு, மறு பக்கம் பொங்கி ஓடும் ஓடை. மரத்துக்குப் பின்னால் இருபத்தெட்டு கார்கள் மூஞ்சி வெளியே பார்த்தபடி, எண் தவறாமல், வெகு ஒழுங்காக நின்றன. ஒன்றுகூட வெளியே போக முடியாது.

ஏழு மணிக்கு மீரான் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "அண்ணே, இப்ப என்னண்ணே செய்றது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் முனுசாமிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தீயணைப்புப் படைக்குப் போன் போட்டார்கள். தீவு முழுக்க மரங்கள் விழுந்திருக்கின்றன, வரிசையில் இருக்கிறீர்கள், காத்திருங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸுக்கும் அதே பதில். டயாலிசிஸ் நிலையத்தில் மின்சாரம் போய் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் வந்தால் சபூராவை ஏற்றிவிடுவோம், அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

ஒன்பது மணிக்குச் சபூராவால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் மாடிப்படி ஏறுவது போல இழுத்துக்கொண்டிருந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. முனுசாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம். ஒரு பத்து நிமிஷத்தைக் கொடுக்க மனசு வராமல் போயிற்றே! எட்டு வருஷத்துக்கு முன்பு மேஜைமேல் உட்கார்ந்திருந்த முகமும் இந்த முகமும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தது.

திரும்பியபோது காமினி நின்றுகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் சேறு.

"காமினி, நீ சொன்னது சரிம்மா. எனக்குத்தான் புத்தி இல்ல" என்றார்.

"அதெல்லாம் அப்புறம் அங்கிள். நான் மரத்த சுத்திப் பாத்துட்டேன். மேல ஏற முடியாது, வழுக்குது, கிளையெல்லாம் ஆடுது. ஓடப் பக்கம் எறங்கினா அடிச்சிட்டுப் போயிரும். என் காடி பசார்ல நிக்குது. அந்தப் பக்கம் போயிட்டா அஞ்சு நிமிஷத்துல கொண்டாந்துருவேன். ஆனா சபூரா அக்காவ எப்படித் தாண்ட வைக்கிறது?"

முனுசாமி மரத்தடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். மைவியின் கூரை நடுவில் பள்ளமாகியிருந்தது, ஆனால் தாங்கியது. கதவுகள் ஒரு பக்கம் மண்ணிலும் மறு பக்கம் கிளையிலும் மாட்டியிருந்தன. முன்கண்ணாடி சிலந்தி வலையாக நொறுங்கிக் கிடந்தது. டிக்கியோடு சேர்ந்த பின்கதவு மட்டும் இந்தப் பக்கம், அவரைப் பார்த்து, சேதமில்லாமல் இருந்தது. மூஞ்சி வெளியே பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பின்கதவில் நுழைந்தால் முன்கண்ணாடி வழியாக வெளியே போகலாம்.

அவர் சட்டைப் பையைத் தொட்டார். சாவி இருந்தது.

"காடிக்குள்ளாற போவோம்" என்றார்.

பின்கதவு முனகிக்கொண்டே திறந்தது. பின்சீட்டுகளை மடக்கி, முன்சீட்டைப் பின்னால் சாய்த்ததும் ஆள் குனிந்து உட்கார்ந்து நகருகிற அளவுக்கு ஒரு பொந்து கிடைத்தது. காமினி முதலில் நுழைந்து, நொறுங்கிய கண்ணாடியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் குதித்து ஓடினாள். வேலியில் சுற்றிக் கிடந்த திருவிழா பேனரை எடுத்துவரச் சொன்னார் முனுசாமி. வழவழப்பான பேனர், அதை விரித்தால் ஆளை இழுப்பது சுலபம்.

சபூராவை மேடேற்றுவதற்குத் தனலெட்சுமி தன் சக்கர நாற்காலியை அனுப்பினாள். அனுப்பினாள் என்பதுகூடச் சரியில்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, மழையில் அவளே பின்னால் வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போங்க என்று சொன்னவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள். நாலு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். இரண்டு பேர் குடை பிடித்தார்கள். பிறகு வீடு வீடாக ஆள் வந்து சேர்ந்து, மரத்தை அடையும்போது இருபது பேராவது இருந்தார்கள்.

மீரான் பொந்தைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். தோள் நுழைந்தது, மற்றது நுழையவில்லை. அந்தப் பெரிய மனுஷர் மழையில் நின்று குழந்தை மாதிரி அழுதார்.

"அண்ணே, நீங்க போங்கண்ணே. அவள ஒங்க கையில குடுக்கறேன்."

நேற்று ஏமாந்த மனுஷர் இன்றைக்கும் தன்னையே நம்புகிறார் என்பதை முனுசாமியால் தாங்க முடியவில்லை. உள்ளே நுழைந்தார். தலைக்கு மேல் கூரை, கூரைக்கு மேல் மரம். காற்று வேகமெடுக்கும்போதெல்லாம் மொத்தமும் ஒரு முறை முனகியது. முன்கண்ணாடிப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பேனரை விரித்தார். பின்னாலிருந்து சபூராவை ஏற்றிவிட்டார்கள். அவளைப் படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் அவள் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் பேனரைப் பிடித்து, பின்பக்கமாகவே நகர்ந்தார். ஒரு சாண். மறுபடி ஒரு சாண். அவள் மூச்சின் சத்தம் அவர் காதுக்குள்ளேயே கேட்டது.

பாதியில் கூரை டக்கென்று ஒரு விரல் இறங்கியது. வெளியே எல்லோரும் கத்தினார்கள். முனுசாமி அவள் தலைமேல் குனிந்துகொண்டார்.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிரும்மா. நேத்து பத்து நிமிஷம்... நான் வழி விட்டிருக்கணும். என் வீம்புதான்."

சபூரா மூச்சைத் தேடிப் பிடித்தாள். "இப்ப... இழுங்கண்ணே. சண்டய... அப்புறம் போட்டுக்கலாம்."

அவர் இழுத்தார். முன்கண்ணாடி இருந்த இடத்தில் காமினியின் கைகள் தெரிந்தன. பசாரில் மீன் விற்கும் இரண்டு சீனர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று பேருமாகச் சபூராவைப் பேனரோடு தூக்கி, பானட்டின்மேல் சறுக்கி, காமினியின் காரில் உட்கார வைத்தார்கள். முனுசாமி வெளியே விழுந்து எழுந்து, கையில் கண்ணாடி கிழித்த ரத்தத்தோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மணி பத்தரை. மரங்கள் விழுந்த ரோடுகளை விட்டுவிட்டு எந்தக் குறுக்கு வழியில் போக வேண்டும் என்று பழைய பஸ் டிரைவர் சொல்லச் சொல்ல, காமினி ஓட்டினாள். பதினொன்றே காலுக்கு நிலையத்தின் வாசலில் நின்றார்கள்.

நாலு மணி நேரம் இயந்திரம் ஓடியது. ஈரச் சட்டையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முனுசாமியை நர்ஸ் கூப்பிட்டாள். சபூராவின் முகம் வற்றியிருந்தது. மூச்சு சாதாரணமாக வந்தது.

"சண்டை போடலாமா தங்கச்சி?" என்றார்.

"போட்டுத்தான் ஆவணும். நேத்து எனக்குக் கோவம்தான். பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் சபூரா. கொஞ்சம் பொறுத்து, "ஆனா அண்ணே, தனலெட்சுமி அக்காவக் கூட்டிட்டுப் போவணும்னுதானே அந்தக் காடிய அங்க வச்சீங்க? அக்காவுக்கு இல்லாட்டியும் எனக்கு ஆச்சே" என்றாள்.

முனுசாமி கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். எட்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதார். மற்ற படுக்கைகளில் இருந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மரத்தை அறுத்து எடுத்தார்கள். மைவி அப்பளமாகக் கிடந்தது. அன்று மாலை தனலெட்சுமியின் கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முனுசாமி அந்த டாக்டர் சொன்ன வாக்கியத்தை முதல் முறையாக அவளிடம் சொன்னார்.

"எனக்குத் தெரியுமே. நான் அங்கதான படுத்திருந்தேன்? வாய்தான் கோணிப் போச்சு, காது நல்லாத்தான் கேட்டுச்சு" என்றாள் தனலெட்சுமி.

"எட்டு வருஷமா ஒரு வார்த்த சொல்லலயே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். இங்க பாருங்க, அன்னிக்கு நமக்குக் காடி இல்லாதது பெருசில்ல. தூக்க ஆளு இல்ல. அவங்கவங்க காடியப் பாத்துக்கிட்டு ஓடுனாங்க. நேத்து சபூராவுக்கு இருவது பேரு வந்தாங்க. நீங்க நம்பர் எழுதணும்னா அத எழுதுங்க."

டிசம்பர் பாதியில் மறுபடியும் எச்சரிக்கை வந்தது. சுமத்ரா நடுவில் நிற்கிறது என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. தாரில் இருந்த வெள்ளை எண்களை முனுசாமி கறுப்புப் பெயிண்ட் அடித்து அழித்துவிட்டிருந்தார். காற்று வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே யார் யாரை வெளியே அனுப்புவது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதி, காமினியிடம் காட்டிச் சரிபார்த்து, அவள் சொன்ன இரண்டு திருத்தங்களை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார். கொஞ்சம் முணுமுணுத்தார் என்றும் சொல்கிறார்கள்.

முதலில் சபூரா, மீரானின் வேனில். இரண்டாவது தனலெட்சுமி. மூன்றாவது புதுக் குழந்தை பெற்ற பெண். அப்படியே முப்பத்தொரு வீட்டிலும் வயசானவர்கள், நோயாளிகள், பிள்ளைகள் என்று இறங்கிக்கொண்டே போனது. யாரை யார் தூக்குவது என்பதும் பக்கத்திலேயே இருந்தது. கார்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேன் வாசலில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து சபூரா, "அக்கா, வாங்க வாங்க, மழ வரப் போவுது" என்று கூப்பிட்டாள். தனலெட்சுமி அவசரப்படவில்லை. தாளை மேலிருந்து கீழே படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க பேரு எங்க?"

"நான் இங்க நின்னு எல்லாரையும் அனுப்பணும்ல? எனக்கு எதுக்கு?"

"காமினி இருக்கா. அவ அனுப்புவா."

"தனம், கேளு..."

"என்னைத் தூக்குற ஆளுன்னு ரெண்டு பேர எழுதியிருக்கீங்க. நல்ல ஆளுங்கதான். ஆனா நீங்க இல்லாத எடத்துல நான் வரிசையில நிக்க மாட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவைத் தானே எடுத்துக்கொண்டாள். தாளை வைத்து எழுத இடமில்லாமல், அவரை முதுகைத் திருப்பச் சொன்னாள். முனுசாமி திரும்பி, குனிந்து நின்றார். இரண்டாம் எண்ணுக்கு நேரே, தன் பெயருக்குப் பக்கத்தில், வலது கையால் அவர் பெயரை எழுதினாள். இடது கை உதவாததால் தாள் நழுவியது. அவர் கையைப் பின்னால் வளைத்து அதைப் பிடித்துக்கொண்டார்.